பொன்முடியில் ஒரு நியூட் தொட்டி

கேரளத்தின் பொன்முடி மலைக்கு ஏறும் சாலையில், கல்லாறு தாண்டியதும் 22 கொண்டை ஊசி வளைவுகள். அந்த வழியில் கண்ணாடித் தொட்டியை ஏற்றிப் போவது லேசான காரியமில்லை. விதுராவில் தொட்டி ஒட்டும் தம்பி ஜீப்பின் பின்சீட்டில் பழைய மெத்தையை விரித்து, ஒரு கையால் தொட்டியை அணைத்தபடியே வந்தான். மேலே ஹோம்ஸ்டே நடத்துபவர் திருவனந்தபுரத்தில் வளர்த்த இரண்டு ஜப்பானிய நெருப்புவயிற்று நியூட்களுக்காக அது.

நியூட் பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும், சொந்தம் தவளைக்கு. தென்னிந்தியாவில் நியூட் எதுவும் இயற்கையாக இல்லை. இந்தியாவில் பார்க்க வேண்டுமானால் டார்ஜிலிங் மாதிரியான வடகிழக்குப் பக்க மலைகளுக்குப் போக வேண்டும். டார்ஜிலிங்கில் உள்ளதற்கு 2015-இல்தான் டைலோடோட்ரைட்டான் ஹிமாலயானஸ் என்ற பெயர் வந்தது. அதைப் பிடித்து வளர்ப்பதைச் சட்டம் அனுமதிக்காது.

இந்த ஜப்பானிய நியூட்களுக்குச் சூடுதான் எமன். தண்ணீர் 20 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். 25 தாண்டினால் தீனியை மறுக்கும், நோய் பிடிக்கும். நகரத்தில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் முடியாது. சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் அந்தச் செலவு பெரும்பாலும் மிச்சம். கோடைக்கு நீர்மட்டத்தின் மேல் ஒரு சின்ன ஃபேன் வைக்கலாம் என்றேன். தம்பி சிரித்தான். "மஞ்சு இறங்குற நாள்ல அது வேலை செய்யாது சார். தண்ணி ஆவியானாத்தானே குளிரும்?" ஈரக்காற்று ஆவியாவதைத் தடுக்கிறது. மலையில் வேலை செய்பவனுக்குத் தெரிந்த இயற்பியல்.

நான் பார்க்கப் போனது வேறொரு கையை. தம்பியின் அத்தை பல வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலேயே பிறந்து வளர்ந்தவர். ஈரப் பாசியை வேர்க்கட்டையின் மேல் மெல்லிசாகப் பரப்பி, கறுப்பு நூலால் சுற்றிக்கொண்டே போகிறார். ஜாவா மாஸ் தடிமனாக இருந்தால் அடியில் அழுகும். நூல் தளர்ந்தால் மிதந்துவிடும். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டின் கிழங்குத்தண்டையும் மணலில் புதைக்காமல் கல்லோடு கட்டுகிறார். புதைத்தால் அதுவும் அழுகும். "கொழுந்து கிள்ளுறதவிட இது லேசு. முதுகுல கூடை இல்லையே" என்றார். கார்பன் டைஆக்சைடு சிலிண்டர், பளீரென்ற விளக்கு எதுவும் இங்கே தேவையில்லை. இந்தச் செடிகளுக்கு மங்கலான வெளிச்சமே போதும், நியூட்டுக்கும் அதுதான் பிடிக்கும்.

செடிகள் வெறும் அழகுக்காக அல்ல. பெண் நியூட் முட்டைகளை ஒவ்வொன்றாக இட்டு, பின்கால்களால் இலையை மடித்து அதற்குள் ஒளித்துவைக்கும். அதற்காகவே மெல்லிய இலையுள்ள எலோடியாவும் ஒரு மூலையில் உண்டு.

மற்றதெல்லாம் சட்டென்று முடிந்தது. அடியில் நைஸ் மணல்; சரளை போட்டால் தீனியோடு விழுங்கிவிடும். நீரோட்டம் வேண்டாம் என்பதால் ஸ்பாஞ்ச் ஃபில்டர். ஏறி உட்கார ஒரு கார்க் பட்டை. ஈரக் கண்ணாடியிலேயே ஏறித் தப்பிவிடும் பிராணி என்பதால் மூடியில் இடுக்கே இருக்கக் கூடாது. தோலில் டெட்ரோடோடாக்சின் நஞ்சு இருப்பதால் தொட்டால் கை கழுவ வேண்டும். நியூட்களை உடனே விடவும் முடியாது. அமோனியாவை நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகச் சில வாரங்களாகும்.

அசட்டுத்தனமாக ஒரு கேள்வி கேட்டேன்: கல்லாற்றிலிருந்தே பாசி எடுத்தால் என்ன? காட்டு இலாகா விடாது என்றான் தம்பி. அதைவிட அவனுக்குப் பெரிய பயம் எதிர்த்திசையில், தொட்டி நீரோடு நோய் ஓடைக்குப் போவதில். 2013-இல் நெதர்லாந்தின் தீ சாலமாண்டர்களைக் கொன்றது ஒரு பூஞ்சை என்று கண்டுபிடித்தார்கள். ஆசியாவிலிருந்து வளர்ப்புப் பிராணி வணிகம் வழியாகப் போயிருக்கும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. அதன் உறவுப் பூஞ்சை ஒன்று உலகெங்கும் தவளைகளைக் கொன்றிருக்கிறது. இங்கேயும் இழக்கத் தவளைகள் உண்டு; இந்த மலையின் பெயரிலேயே ஒரு புதர்த்தவளை இருக்கிறது. ஆய்வாளர்கள் பிஜுவும் பொசூயிட்டும் 2005-இல் விவரித்தது.

அதனால் கழிவுநீர் வாளியில் ப்ளீச் கலந்து ஒரு நாள் வைத்து, ஓடைக்கு எட்டாத குழியில்தான் ஊற்றவேண்டும் என்று ஹோம்ஸ்டேக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். அவர் தலையாட்டிக்கொண்டே பில்லைப் பார்த்தார். கண்ணாடி, சிலிகான், ஃபில்டர், செடி எல்லாம் இருந்தது. அத்தையின் கட்டுக்கூலி இல்லை. நான் கேட்டதற்கு, "அது வீட்டு வேலைதானே சார்" என்றான். எனக்கு அது சரியாகப் படவில்லை, அவனிடமே சொன்னேன். அடுத்த பில்லில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறான்.