கார்ட்டூன்தானே என்று சொல்லுமுன்



குளிர்கால விடுமுறையில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒரு படம் காட்டுவது பற்றி வாலிபர் கூட்டத்தில் கதைத்தோம். தம்பி ஒருவர் 'மா வி து கூர்ஜெட்' படத்தைச் சொன்னார். "சுவிஸ்காரர் எடுத்தது, ஒஸ்கார் பரிந்துரைக்கும் போனது. கார்ட்டூன்தானே அக்கா, காட்டினால் என்ன?" என்று கேட்டார். நான் தாதி என்பதால் பதிலையும் என்னிடமே விட்டுவிட்டீர்கள். அதை எழுதித் தருகிறேன்.

வலே மாநிலத்தைச் சேர்ந்த குளோட் பராஸ் 2016இல் இயக்கிய படம் இது. பொம்மைகளைச் சிறிது சிறிதாக அசைத்துப் படம்பிடித்திருக்கிறார்கள். பெரிய தலை, பெரிய கண்கள். பார்த்தவுடன் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போகும். ஆனால் பொம்மைப் படம் என்பது அதை எப்படி எடுத்தார்கள் என்று மட்டுமே சொல்லும், யாருக்காக எடுத்தார்கள் என்று சொல்லாது.

கதை இதுதான். கூர்ஜெட் ஒன்பது வயதுப் பையன். தாய் எந்நேரமும் பியர் குடிப்பவர். ஒருநாள் அவர் கோபத்தோடு கூரையறைக்கு ஏறி வரும்போது, பயந்துபோன பையன் மேலிருந்து கதவை மூடுகிறான். தாய் விழுந்து இறந்துபோகிறார். பையனைச் சிறுவர் இல்லத்தில் சேர்க்கிறார்கள். தாயின் நினைவாக அவன் கொண்டுபோவது ஒரு வெறும் பியர் ரின். அங்கே இருக்கும் மற்றப் பிள்ளைகளின் கதைகளும் இலகுவானவை அல்ல.

அமெரிக்காவில் இதற்கு பிஜி-13 என்றார்கள். 13 வயதுக்குக் குறைந்தவர்களின் பெற்றோருக்கு அது கடுமையான எச்சரிக்கை. பிரித்தானியாவில் வெறும் பிஜி. ஒரே படத்துக்கு இரண்டு தீர்ப்பு. நமது பக்கத்துத் திரையரங்கு அறிவிப்புகளிலும் இரண்டு வயதுகள் இருக்கும்: ஒன்று அனுமதிக்கும் வயது, மற்றது பரிந்துரைக்கும் வயது. இரண்டாவதைப் பாருங்கள். பிள்ளைக்கு எந்த வயதில் அந்தப் படம் விளங்கும் என்பதை அதுதான் சொல்கிறது.

பெற்றோர் எதற்கு முகம் சுளிப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பெரியவர்கள் தனியறையில் என்ன செய்வார்கள் என்று சீமோன் என்ற பையன் தன் அறிவுக்கெட்டியபடி விளக்கும் ஒரு காட்சி உண்டு. அதில் பச்சைப் பேச்சு இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளை அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடும். எனக்குப் பயம் அந்தக் கூரையறைக் கதவைப் பற்றித்தான். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளை, தான் கோபப்பட்டதால்தான் அம்மாவுக்கு நோய் வந்தது என்றுகூட நினைக்கும். வைத்தியசாலையில் அப்படிக் கேட்ட பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு இக்கதவு இரவில் கனவாக வரும், காலையில் அதைச் சொல்லத் தெரியாது.

நம் நடுவிலும் இழப்பைக் கண்ட பிள்ளைகள் உண்டு. போத்தல் இருக்கும் வீடுகளும் உண்டு. நாம் அதைக் கதைப்பதில்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு இந்தப் படம் பெரிய ஆறுதலாகவும் இருக்கலாம். பிள்ளை மேல் குற்றம் இல்லை என்றும், அன்பு காட்டப் பெரியவர்கள் கிடைப்பார்கள் என்றும் படம் காட்டுகிறது. ஆனால் இருபது பேர் நடுவே, இருட்டில், எதிர்பாராமல் அந்த ஆறுதல் வரக்கூடாது. முதலில் வீட்டில், தனக்கு நெருங்கிய ஒருவரின் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும்.

1992இல் நெஷாத்தெலில் 'லா லாந்தேர்ன் மஜிக்' என்ற சிறுவர் திரைப்படக் கழகம் தொடங்கியது. 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கானது. நமது லா ஷோ-து-ஃபோனிலும் நடக்கிறது. படத்துக்கு முன்பே பிள்ளைகளுக்கு ஒரு சிறு பத்திரிகை வரும். அன்றைய தினம் படம் தொடங்குமுன் மேடையில் நடித்துக் காட்டி, வரப்போவதற்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துவார்கள். ஊசி போடுமுன் "கொஞ்சம் நோகும்" என்று சொல்கிற அதே வேலைதான். நோகாது என்று பொய் சொன்னால் அடுத்த முறை பிள்ளை கையை நீட்டாது.

எனவே என் யோசனை இது. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்தப் படத்தைக் காட்டுவோம். சிறியவர்களுக்கு அதே நேரத்தில் மற்ற அறையில் வேறொரு படம். பொறுப்பாக நிற்கும் நீங்கள் எல்லோரும் முதலில் முழுப்படத்தையும் பாருங்கள், 66 நிமிடம்தான். ஒவ்வொரு பெற்றோருடனும் கதையுங்கள். தாய் குடிப்பதையும் இறப்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வேண்டாம் என்பவர்களிடம் காரணம் கேட்காதீர்கள். ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவராவது பக்கத்தில் இருங்கள். எழும்பிப் போக விரும்பும் பிள்ளையோடு நீங்களும் எழும்புங்கள்.

படம் முடிந்ததும் உடனே சிற்றுண்டிக்கு ஓடவேண்டாம். அந்த இல்லத்தில் ஒரு பலகை உண்டு. இன்று தன் மனம் வெயிலா, மேகமா, மழையா என்று பிள்ளைகள் அதில் காட்டுவார்கள். வலியைச் சொல்லத் தெரியாத சிறுவருக்கு நாங்கள் வைத்தியசாலையில் முகப் படங்களைக் காட்டுவதும் இப்படித்தான். நாமும் ஒரு மட்டையில் அதைச் செய்துவைப்போம். மழையைக் காட்டும் பிள்ளை கதைக்க விரும்பாவிட்டால், அதன் பக்கத்தில் சும்மா இருங்கள்.

மட்டையும் நிறப் பென்சில்களும் நான் கொண்டுவருகிறேன். பெற்றோருக்குத் தொலைபேசி எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடம் பெயரைத் தாருங்கள்.