தகப்பன் செவி

கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில், பிரபவ முதல் அட்சய வரை தமிழ் ஆண்டுகளின் பெயர் தாங்கிய 60 படிகளை ஏறிச் சுவாமிநாதனைத் தரிசிக்கிறோம். தந்தையாகிய சுந்தரேசுவரரின் சந்நிதி கீழே. மைந்தனின் சந்நிதி மேலே. பிரணவத்தின் பொருளை மகன் உரைக்க, ஈசனே சீடனாய்க் கேட்ட தலம் அது. மகனது ஞானத்தை எல்லோரும் வியக்கிறோம். என் மனம் தோய்வதோ, கேட்ட தந்தையின் பணிவில்.

வங்கிப் பணியில், கல்விக்கடன் கேட்டு வரும் குடும்பங்களைப் பல ஆண்டுகள் சந்தித்திருக்கிறேன். கடன் பெறுவது மாணவர். பெற்றோர் உடன் கையொப்பமிடுவர். ஆயினும், "எந்தப் படிப்பில் சேரப்போகிறாய் அம்மா?" என்று கேட்டால் தந்தையே விடை கூறுவார். பிள்ளை தரையை நோக்கும். மதிப்பெண் தொண்ணூறைத் தாண்டியிருக்கும். தன் விருப்பத்தைச் சொல்ல ஒரு வாக்கியம் வராது. வீட்டில் எவரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள் என்றே எனக்குத் தோன்றும்.

திருபுவனத்துப் பட்டு நெசவாளர் ஒருவர் மட்டும், "நமக்கு அஞ்சாங்கிளாஸ்தான் சார். பாப்பாவையே கேளுங்க. தினமும் நான் தறியில இருக்கையில, படிச்ச பாடத்தை எனக்குச் சொல்லிக்காட்டும்" என்றார்.

அப்பெண் தடையின்றிப் பேசினாள். படிப்பின் இயல்பு, கட்டணம், விடுதிச் செலவு எல்லாம் கூறிவிட்டு, தவணை எப்போது தொடங்கும் என்று என்னையே கேட்டாள். (அதிகாரிக்கே தேர்வு!) தந்தை இடையில் ஒரு சொல்லும் பேசவில்லை. விண்ணப்பத்தில் அவர் கையொப்பமிட வேண்டிய இடத்தையும் அவளே விரல் வைத்துக் காட்டினாள்.