பெலிக்காட்

அப்பாவுக்குக் கைலி என்றால் கட்டம் போட்டதுதான். நான் பள்ளியில் படித்தபோது, மலேசியாவின் கிள்ளானிலிருந்து வந்த சித்தப்பா அவருக்கு ஒன்று கொண்டுவந்தார். மூட்டாத கைலி. கஞ்சி மொடமொடப்போடு அதைக் கூடத்தில் விரித்து, இரண்டு ஓரத்தையும் கட்டத்தோடு கட்டம் சேரப் பிடித்து, அம்மா கையாலேயே மூட்டினாள். ஒரு கோடு விலகினாலும் பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள்.

“அங்க இதுக்குப் பேரு காயின் பெலிக்காட் அண்ணி. மலாய்க்காரங்க தொழுகைக்கு இதைத்தான் கட்டுவாங்க” என்றார் சித்தப்பா.

காயின் என்றால் துணி. பெலிக்காட்?

அந்தப் பெயரின் சொந்த ஊர் எங்கள் மீஞ்சூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்று தெரிய எனக்கு இருபது வருஷம் ஆயிற்று. மின்சார ரயிலில் அனுப்பம்பட்டு தாண்டினால் பொன்னேரி. அங்கிருந்து பஸ் பிடித்தால் பழவேற்காடு. வெள்ளைக்காரன் வாயில் அது புலிக்காட், மலாய்க்காரர் வாயில் பெலிக்காட். நம் கடைக்காரர்களே ‘பளையக்காட் கைலி’ என்கிறார்கள், ஊரை நினைக்காமல்.

டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் இதுதான் அவர்களுக்குத் தலைமையிடம். கிழக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க அவர்களுக்கு நம் தறித்துணி வேண்டியிருந்தது. பஞ்ச காலங்களில் விலைபோன மனிதர்களையும் இதே துறையிலிருந்துதான் பத்தேவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஏற்றினார்கள். அதைப் படித்த நாளிலிருந்து பழவேற்காட்டு ஏரிக்கரையில் என்னால் வெறுமனே காற்று வாங்க முடிவதில்லை.

கோட்டை இருந்த இடத்தில் இப்போது அகழியும் முட்புதரும். டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலின் இருபுறமும் எலும்புக்கூடுகள் செதுக்கிய கல். உள்ளே கிடக்கும் பலகைக்கற்களில் எழுத்துகள் இன்னும் விரலுக்குத் தட்டுப்படுகின்றன. செத்துப்போன வியாபாரிகளின் பெயர்கள். நெய்தவர் பெயர் ஒன்றுகூட அங்கே இல்லை. கப்பலேற்றப்பட்டவர் பெயரும் இல்லை.

அப்பாவின் கைலி நைந்து, கடைசியில் தம்பி மகனுக்குத் தூளியானது. அம்மா போட்ட மூட்டு மட்டும் விடவில்லை.

பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் கல்லறையைப் பார்த்துவிட்டு, படகில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்புகிறார்கள். அந்த ஏரிக்கரையில், நெய்தவர்களுக்கும் விற்கப்பட்டவர்களுக்கும் தமிழில் ஒரு கல் நட வேண்டும்.