குழந்தைகளோடு நெடுந்தீவுக்கு

ஊர் பார்க்கச் செல்வது பெரியோர்க்குப் பொழுதுபோக்கு. சிறுவர்க்கோ அது கண்ணாற் கற்கும் கல்வி. இதனைப் பல்லாண்டுகளாக வகுப்பறையிற் பிறர் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்து வந்த நாம், எமது பிள்ளைகளிடமிருந்தே அதனைத் திரும்பக் கற்றுக்கொண்டது சென்ற புரட்டாசி மாதத்து விடுமுறை நாளொன்றில், நெடுந்தீவிலேயாகும்.

பயணத்தைக் கூறுமுன் வீட்டைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். எமது மூத்த பிள்ளை ஒன்பது வயதுச் சிறுமி. இளையவன் இன்னும் இரண்டு ஆண்டு நிரம்பாத குழந்தை. மகள் ஓராண்டாக வீட்டிலேயே படித்து வருகிறாள். “ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் படிப்பிக்கிற வாத்தியார் தன் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கிறாரே!” என்று வியவாதார் அயலில் எவருமிலர். எம் நாட்டிற் கல்வி கட்டாயமாகும். முன்பு 14 வயது வரை இருந்த அவ்வரையறை 2016ஆம் ஆண்டில் 16 வயதாக உயர்த்தப்பட்டதையும் நாம் அறியாதவரல்லேம். ஆயினும் மருத்துவரின் சான்று பெற்று, உரிய இடத்தில் அறிவித்து, ஓராண்டுக்கு மட்டும் அவளை வீட்டில் இருத்தினோம்.

காரணம் இதுதான். மகளுக்குப் பேச்சிலே திக்கல் உண்டு. முதலெழுத்திலே நாவு தடைப்பட்டு நிற்கும். அவள் முன்பு படித்த பாடசாலையிற் சில பிள்ளைகள் அவளைக் ‘கொன்னை’ என்று அழைத்தனர். வாசிக்க எழும்பினால் வகுப்புச் சிரிக்கும். சில மாதங்களில் அவள் அங்கு வாய் திறப்பதையே விட்டுவிட்டாள். விடை தெரிந்தும் தெரியாதென்று தலையசைக்கப் பழகினாள். காலையிற் சீருடை அணியும்போது வயிறு நோகின்றது என்பாள். சனி ஞாயிறுகளில் அந்நோவு வருவதில்லை.

பேசத் தொடங்கும் பருவத்துக் குழந்தைகளுள் நூற்றுக்கு ஐவர் அளவில் ஏதோ ஒரு காலத்தில் திக்குவர் என்றும், அவர்களுட் பெரும்பாலோர்க்கு அது தானே நீங்கிவிடும் என்றும் பேச்சுச் சிகிச்சையாளர் எமக்கு எடுத்துரைத்தார். அது அறிவுக் குறைவால் வருவதன்று. வளர்ப்புப் பிழையாலும் வருவதன்று. குடும்ப வழியாக வருதலும் உண்டு. அவர் எமக்கு இட்ட கட்டளை ஒன்றே: பிள்ளை ஒரு சொல்லிலே தடைப்பட்டு நிற்கும்போது அச்சொல்லை நீங்கள் எடுத்துக் கொடுக்கவேண்டாம், ‘மெல்லப் பேசு’ என்றும் சொல்லவேண்டாம், முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருங்கள். கேட்பதற்கு எளிதாயிருந்த இக்கட்டளையைக் கடைப்பிடிப்பது எத்துணை அரிதென்பதை அவ்வோராண்டிலே அறிந்தோம்.

எமது வீட்டுப் பள்ளிக்கூடம் காலை எட்டு மணிக்கு அடுக்களையிலே தொடங்கும். நாம் கல்லூரிக்குப் போன பின்னர் இல்லாளே ஆசிரியை. சுண்டால் அரிசி அளக்கும்போது பெருக்கல் வரும். தேங்காயை உடைக்கும்போது பின்னம் வரும். தம்பியோ இப்பள்ளியின் பரிசோதகர். அக்காவின் கொப்பியைக் கிழிப்பதும், பென்சிலைத் தண்ணீர்க் குடத்தினுள் இடுவதும், தமிழ்ப் பாடநூலின்மேல் ஏறி அமர்ந்துகொண்டு இறங்க மறுப்பதும் அவருடைய அன்றாட அலுவல்கள். அவன் உறங்கும் ஒன்றரை மணி நேரமே கணிதத்துக்கு உரிய முகூர்த்தம். மாலையில் நாம் வந்து சரித்திரமும் புவியியலும் சொல்லிக் கொடுப்போம். இவற்றிடையே நாம் கண்ட புதுமை ஒன்றுண்டு. மகள் தம்பியோடு பேசும்போது மட்டும் திக்குவதில்லை. அவனுக்குக் கதை சொல்வாள், பாடுவாள், அதட்டுவாள். சொற்கள் தடையின்றி வரும். சிறு குழந்தைகளோடும் வாயில்லா உயிர்களோடும் பேசும்போது திக்கல் குறைவது பலரிடம் காணப்படுவதே என்று சிகிச்சையாளர் கூறினார்.

ஓராண்டு முடியுந் தறுவாயில், வருகின்ற கல்வியாண்டிலே அவளைப் பாடசாலைக்கு அனுப்புவதா, இல்லையா என்பதை முடிவு செய்யவேண்டியிருந்தது. இல்லாள் அனுப்பலாம் என்றாள், எமக்கோ அச்சம். அந்நாட்களிலேதான் யாழ்ப்பாணத்துத் தீவுகளின் படத்தை வரைந்து நிறந்தீட்டிக்கொண்டிருந்த மகள், தென்மேற்கு மூலையிலே தனித்துக் கிடக்கும் நெடுந்தீவின்மேல் விரலை வைத்து, அங்கு போகவேண்டுமென்றாள்.

விடியற்காலையிற் புறப்பட்டோம். யாழ்ப்பாண நகரிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறை ஏறத்தாழ 30 கிலோமீற்றர். பண்ணைத் தாம்போதியைக் கடந்தால் இரு மருங்கும் ஆழமற்ற கடல். அதிலே கூட்டங் கூட்டமாக நீர்ப்பறவைகள். வேலணையைத் தாண்டி, மற்றொரு தாம்போதி வழியாகப் புங்குடுதீவை அடைந்து, அதன் மேற்கு முனையிலுள்ள குறிகட்டுவானிலே இறங்கினோம். நயினாதீவு நாகபூசணி அம்மனைத் தரிசிக்கச் செல்லும் அடியார்களும், அத்தீவிலுள்ள நாகவிகாரைக்குச் செல்லும் பௌத்த யாத்திரிகர்களும் ஒரு புறம் படகுக்குக் காத்திருந்தனர். மற்றொரு புறத்தில் அரிசி மூடைகளோடும் எரிவாயு உருளைகளோடும் நெடுந்தீவார் நின்றனர். தீவுக்கு வேண்டிய யாவும் இக்கடல் வழியாகவே போகவேண்டும் என்பது ஒரு பார்வையிலே பிள்ளைக்கு விளங்கிவிட்டது.

கடற்பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். சோளகக் காற்றுத் தணிந்த காலமாதலின் அலை பெரிதாயில்லை. தம்பி தாயின் மடியிலிருந்து எட்டி எட்டிக் கடலுக்குக் கையசைத்தான். எமது அருகிலிருந்த முதிய அம்மையார் ஒருவர் அலைகளை நோக்கிக் கை கூப்பியதை மகள் கண்டு, ஏன் என்று கண்ணாலே எம்மை வினவினாள். 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினி என்னும் படகிற் சென்றோர் பலர் இக்கடலிலே கொல்லப்பட்டனர். அவர்களுக்குத் தீவிலே நினைவுத்தூபியும் உண்டு. அவ்வம்மையாரின் மனத்தில் இருந்தது அதுதானோ, வேறொன்றோ, நாம் கேட்கவில்லை. “முன்பு இந்தக் கடலில் ஆட்கள் இறந்தவை, பிள்ளை. வளர்ந்த பிறகு முழுதும் சொல்லுவம்” என்றோம். அவளும் கை கூப்பினாள். எதனை எந்த வயதிற் சொல்வது என்பதும் வீட்டாசிரியருக்கு ஒரு பாடமே.

மாவிலித்துறையில் இறங்கி ஒரு முச்சக்கர வண்டியை அமர்த்திக்கொண்டோம். நெடுந்தீவு ஏறத்தாழ 50 சதுரக் கிலோமீற்றர் பரப்புடையது. யாழ்ப்பாணத்துத் தீவுகளுள் பெரியவற்றுள் ஒன்று. இதனைப் பசுத்தீவு என்றும் வழங்குவர். போர்த்துக்கேயரும் பசுக்களின் தீவு என்னும் பொருள்படத் தம் மொழியில் அழைத்தனர். பின்வந்த ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரை இட்டு டெல்வ்ற் என்றனர். பெயர்கள் வந்தன, தீவார் மட்டும் நெடுந்தீவென்றே சொல்லி வருகின்றனர்.

தீவிலே முதலிற் கண்ணைக் கவர்பவை மதில்கள். யாழ்ப்பாணத்திற் பனையோலையாலும் கிடுகாலும் வேலி அடைப்பதைக் கண்டு பழகிய எமக்கு, அங்கே முருகைக்கற்களைச் சாந்து எதுவுமின்றி ஒன்றன்மேலொன்றாக அடுக்கி எழுப்பிய மதில்கள் வியப்பூட்டின. நிலத்திலே கல் மிகுதி; காணியைத் துப்புரவாக்கும்போது கிடைக்கும் கல்லே காணியைக் காக்கும் அரணுமாகின்றது. இடைவெளிகளால் காற்றுப் புகுந்து போகும். ஆடு மாடு புகாது. மகள் ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்து, அதிலே பூப்போன்ற கோலங்கள் இருப்பதைக் கண்டு, அவை ஒரு காலத்திற் கடலிலே வாழ்ந்த சிற்றுயிர்கள் கட்டிய கூடென்பதைத் தம்பிக்கு விளக்கினாள். தம்பி அக்கல்லை நக்கிப் பார்த்துத் தனது ஆராய்ச்சியை முடித்துக்கொண்டான்.

அடுத்துப் பெருக்கு மரத்தடிக்குச் சென்றோம். ஆபிரிக்காவுக்குரிய இம்மரத்தை அராபிய வணிகர் கொணர்ந்தனர் என்பர். பருத்த அடிமரத்தினுள்ளே ஆள் புகுந்து நிற்கத்தக்க பொந்து உண்டு. தம்பி அதன் இருளைக் கண்டு அழத் தொடங்கினான். மகள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “பயப்பிடாதை தம்பி, இது மரத்தின்ரை வீடு. அக்கா முன்னுக்குப் போறன், நீ பின்னாலை வா. உள்ளுக்கை குளிராயிருக்கும், பார்” என்று ஒரே மூச்சிற் சொல்லி அழைத்துச் சென்றாள். நாம் வெளியே நின்று அவ்வொலியைக் கேட்டோம். பொந்தினுள்ளிருந்து வந்த குரலிலே ஒரு தடையுமில்லை. பின்னர் அவள் கொண்டுவந்த நூலை மரத்தைச் சுற்றிப் பிடித்து முடிச்சிட்டு, வீட்டிலே அடிமட்டத்தால் அளப்பதற்காகப் பத்திரப்படுத்தினாள்.

ஒல்லாந்தர் காலத்ததென்று கூறப்படும் புறாக்கூட்டையும், முருகைக்கல்லாற் கட்டப்பட்டு இன்று இடிந்து கிடக்கும் கோட்டையையும் கண்டபின், வெயில் ஏறும் வேளையிற் குதிரைகளைத் தேடித் தீவின் வெட்டைவெளிக்குச் சென்றோம். உயரங் குறைந்த அக்குதிரைகள், ஐரோப்பியர் கொணர்ந்து வளர்த்தவற்றின் வழித்தோன்றல்கள். ஆங்கிலேயர் காலத்தில் இங்கு அதிகாரியாயிருந்த நோலன் என்பவரும் குதிரை வளர்ப்பிலே ஈடுபட்டவர். வளர்த்தோர் போய்விட்டனர், குதிரைகள் கட்டுத்தறி இன்றி நின்றுவிட்டன. காய்ந்த புல்லின் நடுவே தாயொன்றும் குட்டியொன்றும் தலை தாழ்த்தி நின்றன.

வழியிலே ஒரு கிணற்றடி. முதியவர் ஒருவர் மாடுகளுக்காக நீர் இறைத்துத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார். மகள் எம்மை விட்டு அவரிடம் நடந்தாள். “கு... கு...” என்று தொடங்கினாள். சொல் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. எமது நாவின் நுனிக்கு அச்சொல் வந்துவிட்டது. ‘குதிரைகளைப் பற்றிக் கேட்கிறாள், ஐயா’ என்று சொல்ல வாயெடுத்தபோது இல்லாள் எமது கையைப் பற்றினாள். நாம் அடங்கி நின்றோம்.

முதியவர் வாளியைக் கீழே வைத்தார். “அவசரமில்லைப் பிள்ளை, நான் நிக்கிறன்” என்றார். சிரிக்கவுமில்லை, இரங்கவுமில்லை. கிணற்றுக் கட்டிலே கையூன்றி அவள் முகத்தைப் பார்த்து நின்றார்.

“கு... குதிரையளுக்கு ஆர் தண்ணி வைக்கிறது?”

“மாரியிலை கடவுள் வைக்கிறார், பிள்ளை. குளங்குட்டையிலை குடிக்கும். கோடையிலை நாங்கள்தான் வைக்கவேணும். வைக்காட்டிச் செத்துப்போம்.”

அவள் மேலும் இரண்டு கேள்விகள் கேட்டாள், இரண்டிலும் திக்கினாள், இரண்டையும் முடித்தாள். அவர் இரண்டு முறையும் நின்றார். பின்பு வாளியை அவளிடமே கொடுத்துத் தொட்டியில் ஊற்றச் சொன்னார். தம்பி தன் பங்குக்குத் தொட்டியினுள் இரு கையும் விட்டு நனைந்தான்.

திரும்புகாலிற் படகிலே தம்பி உறங்கிவிட்டான். மகள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்து, நெடுநேரங் கழித்து எம்மை ஒரு கேள்வி கேட்டாள். “அப்பா, பு... புதுப் பள்ளிக்கூடத்து ரீச்சரும் அந்தத் தாத்தா மாதிரி நிப்பாவோ?”

எமக்கு உடனே விடை வரவில்லை. ஆசிரியராக நாம் இருபது ஆண்டுகள் கழித்துவிட்டோம். அவ்வாண்டுகளில் எமது வகுப்பிலும் சொல்லெடுக்க முடியாது நின்ற மாணவர் சிலர் இருந்திருக்கின்றனர். மணி அடிக்கப் போகின்றது, பாடம் முடியவில்லை என்னும் அவசரத்தில், “தெரியாவிட்டால் இரு” என்று நாமே அவர்களை அமர்த்தியதுண்டு. அவர்களுள் எத்தனை பேர்க்கு விடை தெரிந்திருந்ததோ! எமது பிள்ளையைப் பார்த்துச் சிரித்த வகுப்பைக் குறித்து ஓராண்டாக மனம் புழுங்கிய நாம், எமது வகுப்பைக் குறித்து எண்ணிப் பார்த்தது அப்படகிலேதான்.

“தெரியாது, பிள்ளை. நாங்கள் போய்க் கேட்டுப் பார்ப்பம்” என்றோம்.

அவ்வாறே கேட்டும் வந்தோம். அடுத்த வாரம் வேறொரு பாடசாலையின் வகுப்பாசிரியையைச் சந்தித்து, மகளுக்கு வேண்டியது தனிச் சலுகையன்று, அரை நிமிடப் பொறுமையே என்பதைச் சொன்னோம். அவர் மகளிடமே பெயரைக் கேட்டார், கேட்டுவிட்டுக் காத்திருந்தார். வருகின்ற கல்வியாண்டில் அவளை அங்கு சேர்க்க எண்ணியிருக்கிறோம். சிரிப்பவர் அங்கும் இருக்கக்கூடும். மாலைப் பாடங்கள் வீட்டில் முன்போல் நடைபெறும். பரிசோதகரும் பதவியில் நீடிப்பார்.

நெடுந்தீவு செல்ல விரும்பும் அன்பர்கள் படகு நேரத்தை முதல் நாளே விசாரித்து, குடிநீரும் குடையும் கொண்டு செல்லல் நலம். திரும்பும் கடைசிப் படகைத் தவறவிட்டால் இரவு அங்கேதான். சிறு குழந்தைகளுக்கு மாற்றுடுப்பும் வேண்டும், தொட்டி எங்குமுண்டு. மரத்தைச் சுற்றிப் பிடித்த அந்நூல் எமது வீட்டுச் சுவரிலே தொங்குகின்றது. அதனை அளக்கும் கணக்கை மகள் இன்னும் முடிக்கவில்லை, நாமும் அவசரப்படுத்தவில்லை.