தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில்

அம்மாயியின் கருமாதி முடிந்த மறுநாள் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். இரண்டு சேலை, ஒரு வெற்றிலை உரல், அடியில் கயிற்றால் கட்டிய கடதாசிக் கட்டு ஒன்று. கட்டின் மேலேயே அவருடைய பிறப்புச் சான்றிதழ் இருந்தது. 1932 மார்ச்சில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர். தாயின் பெயர் எழுதப்பட்டிருந்தது. தகப்பன் பெயருக்கான இடத்தில் ஒரு கோடு. பெற்றோர் விவாகமானவர்களா என்ற கேள்விக்கு, இல்லை என்று பதில்.

"அத உள்ள வை" என்றார் அம்மா.

அந்தக் கோட்டைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. தோட்டம் பேசியது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது, பீலிக்கரையில் தண்ணீருக்கு நடந்த சண்டையில் ஒருத்தி, "கங்காணிக்குப் பொறந்தவ பேத்திக்கு வாயப் பாரு" என்றாள். வீட்டுக்கு வந்து கேட்டேன். அம்மா அடித்தார். அம்மாயி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. அறுபது வருடத்துக்கு முந்தைய ஒரு கட்டம் என் முதுகில் விழுந்தது அன்றுதான்.

கட்டை நான் உள்ளே வைக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் அம்மாயியின் அண்ணனுடைய சான்றிதழைத் தேடினேன். 1928இல் பிறந்தவர். அதிலும் பெற்றோர் விவாகமாகவில்லை என்றே இருந்தது. ஆனால் தகப்பன் பெயர் இருந்தது, என் பூட்டனின் பெயர். 1936இல் பிறந்த சின்ன அம்மாயியின் சான்றிதழும் அப்படியே. நடுவில் பிறந்த அம்மாயிக்கு மட்டும் கோடு. பீலிக்கரைப் பேச்சு உண்மைதானோ என்று அன்றிரவு எனக்கும் தோன்றியது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்.

விவாகம் இல்லை என்ற சொல்லை முதலில் புரிந்துகொண்டேன். பூட்டிக்கு மாரியம்மன் கோவிலில் தாலி கட்டினார்கள், தோட்டமே சாப்பிட்டது. ஆனால் யாரும் பதிவாளரிடம் போகவில்லை. எங்கள் லயங்களில் அந்தக் காலத்தில் அநேகமாக எவரும் போனதில்லை. பதியாததால் மட்டும் ஒரு கல்யாணம் செல்லாமல் போவதில்லை என்பதே இலங்கையின் பொதுச் சட்டம். எழுதுகிறவரின் பேனாவுக்கு அது தெரியவில்லை. சான்றிதழ் இல்லையா, விவாகம் இல்லை. பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்கிப் பார்த்த பழைய சான்றிதழ்களில் பெரும்பாலானவற்றிலும் அதே பதில். ஒரு மலை முழுக்க மணமாகாத தாய்மார்.

அடுத்தது, ஒருத்திக்கு மட்டும் ஏன் கோடு? விடை பிறப்புப் பதிவு விதியில் கிடைத்தது. பெற்றோர் மணமாகாதவர்கள் என்று பதிவாகும் பிள்ளைக்குத் தகப்பன் பெயரை எழுத வேண்டுமென்றால், தாயும் தகப்பனென ஒப்புக்கொள்கிற ஆணும் சேர்ந்து கேட்க வேண்டும், இருவரும் ஒப்பமிட வேண்டும். அண்ணன் பிறந்தபோது பூட்டன் இருந்தார், கைநாட்டு வைத்தார். 1932 மார்ச்சில் அவர் எங்கே?

கட்டின் நடுவில் ஒரு சீட்டு இருந்தது. தோட்டத்தை விட்டு விலகும் தொழிலாளிக்கு நிர்வாகம் கொடுக்கிற டிஸ்சார்ஜ் சீட்டு. பூட்டனின் பெயர். திகதி 1931 ஓகஸ்ட். தேயிலை விலை சரிந்து, சம்பளம் குறைந்து, ஆயிரக்கணக்கானவர்கள் மண்டபம் வழியாக இந்தியாவுக்குத் திரும்பிய காலம் அது. "திருச்சிப் பக்கம் ஊருக்குப் போயி ஒரு வழி பாத்துட்டு வர்றேன்னு போனவரு" என்று பின்னால் சின்ன அம்மாயி சொன்னார். போனவர் 1935இல்தான் திரும்பினார்.

ஓகஸ்ட், செப்டெம்பர், ஒக்டோபர் என்று விரல் விட்டு எண்ணினேன். மார்ச்சுக்கு ஏழு மாதம். அப்பாடா என்றிருந்தது. அடுத்த கணமே விரல்களை மடக்கிக்கொண்டேன். செத்துப்போன ஒருத்தியின் வயிற்றை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பீலிக்கரையில் அவர்கள் செய்ததும் இதே கணக்குத்தான். அவர்களிடம் சீட்டு இல்லை, என்னிடம் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏழு மாதம் என்பது பூட்டன் தகப்பனாக இருக்கலாம் என்று மட்டுமே காட்டுகிறது. கோடு எப்படி வந்தது என்பதற்கு அது காரணம் தருகிறது, அதற்கு மேல் அந்தச் சீட்டால் எதுவும் சொல்ல முடியாது. ஒருவேளை தோட்டம் சொன்னதே உண்மையென்றாலும், பேர் போட்டுக் கொடுப்பதும் கடன் எழுதுவதும் கங்காணியின் கையில் இருந்த காலத்தில், புருஷன் கடல் கடந்துபோன ஒருத்தி அவரிடம் மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியுமா? அந்தப் பேச்சு எண்பது வருடம் உயிரோடு இருந்தது. அதில் ஒருமுறைகூட யாரும் கங்காணியைக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் பூட்டியை, அவர் மகளை, மகளின் மகளை, என்னை.

இந்தக் கடதாசிகள் ஏன் இத்தனை பத்திரமாக இருந்தன என்பதையும் யோசித்தேன். எங்கள் ஆட்கள் வரலாற்றுக்காக எதையும் சேர்த்துவைக்கவில்லை, பயந்து சேர்த்துவைத்தார்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், இங்கே பிறந்திருந்தால் போதாது என்றது. தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் பிறந்திருக்க வேண்டும். விவாகத்துக்குள் பிறந்தவர்களிடம் தாய் எங்கே பிறந்தாள் என்று அது கேட்கவில்லை. மறுவருடம் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ், இத்தனை வருடம் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததாகக் காட்டி விண்ணப்பிக்கலாம். 1951 ஓகஸ்ட் 5 கடைசி நாள். மணமானவருக்கு ஏழு வருடம், மணமாகாதவருக்குப் பத்து. அங்கேயும் கல்யாணத்தைத்தான் கேட்டார்கள்.

பூட்டன் மனைவியையும் பிள்ளைகளையும் சேர்த்து விண்ணப்பம் போட்டார். கிடைத்தது. அம்மாயியின் பெயரை மட்டும் எடுத்துவிட்டார்கள். சான்றிதழில் தகப்பன் பெயர் இல்லாத பெண்ணைத் தன் மகள் என்று அவர் எதைக் காட்டிச் சொல்வது? ஒரே லயக் காம்பராவில் அண்ணனும் தங்கையும் பிரஜைகள். நடுவில் படுத்திருந்தவர் நாடற்றவர். அண்ணன் ஓட்டுப் போடப் போனபோது அம்மாயி கொழுந்து எடுக்கப் போனார்.

1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்குமாகப் பிரித்தார்கள். அம்மாயி எந்தக் கணக்கிலும் சேராமல் இங்கேயே இருந்தார். 2003இல் ஒரு சட்டம் வந்தது. இந்திய வம்சாவளியைச் சேர்ந்தவரா, 1964 ஒக்டோபர் 30 முதல் நிரந்தரமாக இங்கே வாழ்கிறவரா, அல்லது அப்படி வாழ்ந்தவரின் வாரிசா என்று கேட்டது. உன் அப்பன் இங்கே பிறந்தானா என்று கேட்கவில்லை. எழுபத்தொரு வயதில் அம்மாயி பிரஜையானார். ஒருத்தி எங்கே வாழ்ந்தாள், எங்கே உழைத்தாள் என்று பார்த்தாலே போதும் என்பதைக் கண்டுபிடிக்க அரசுக்கு ஐம்பத்தைந்து வருடம் ஆயிற்று.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சின்ன அம்மாயியிடம் போனேன். சீட்டைக் காட்டினேன், ஏழு மாதக் கணக்கைச் சொன்னேன். ஏதோ தீர்ப்பு வாங்கித் தந்தவள் போல நான் உட்கார்ந்திருந்தது எனக்கே நினைவிருக்கிறது. அவர் வெற்றிலையை இடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"எங்கப்பா திரும்பி வந்தப்ப அக்காவுக்கு மூணு வயசு. தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டாரு. அவரே கேக்காத கேள்விய நீ எதுக்குடி கேக்குற?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அக்கா எங்கம்மாவுக்குப் பொறந்தா. அது பேப்பர்லயும் இருக்குல்ல?" என்றார்.

இருந்தது. தாயின் பெயர் என்ற இடத்தில், மை மங்காமல், பூட்டியின் பெயர். இத்தனை நாள் நான் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்ததில் அதை ஒருமுறைகூட நிறுத்தி வாசிக்கவில்லை.

ஏழு மாதக் கணக்கை அம்மாவிடமும் சொன்னேன். நிம்மதியாக அழுதார். அந்த நிம்மதியை நான் பறிக்க மாட்டேன், அவரும் அடி வாங்கியவர்தான். ஆனால் என் மகளுக்குக் குடும்ப மரம் வரைந்து கொடுத்தபோது கணக்கைச் சொல்லவில்லை. மேலே பூட்டியின் பெயரை எழுதினேன். அதிலிருந்து கோடுகள் கீழே வருகின்றன.