மணலில் கொதிக்கும் நெருப்பு

திண்டுக்கல் சமவெளியில் ஓடும் குடகனாறு, ஆண்டின் பல மாதங்களில் நீரின்றி மணலாகவே காட்சியளிக்கும். அம்மணலில் ஒரு படியை எடுத்து உலர்த்தி, நுண்ணிய துளைகளுள்ள தட்டின்மீது பரப்பிக் கீழிருந்து காற்றைச் செலுத்தினால் ஒரு விந்தையைக் காணலாம். காற்று மெல்ல வீசுங்கால் மணல் அசையாது கிடக்கும். வேகம் ஓர் அளவைக் கடந்ததும், உலைநீர்போல் குமிழியிட்டுக் கொதிக்கத் தொடங்கும். மரத்துண்டை இட்டால் மிதக்கும். இரும்புக் குண்டை இட்டால் அமிழ்ந்துவிடும்!

ஜெர்மானியராகிய பிரிட்ஸ் விங்க்ளர் என்பார் நிலக்கரியை எரிவாயுவாக்க இம்முறையைக் கையாண்டு 1922-இல் காப்புரிமை பெற்றார். பின்னாளில் இது கொதிகலன்களுக்கும் பயன்படலாயிற்று. திண்டுக்கல்லை அடுத்த திருச்சிராப்பள்ளியிலுள்ள பாரத மிகுமின் நிறுவனம் இத்தகைய கொதிகலன்களைச் செய்து வருகிறது. நெய்வேலியில் 2015-இல் பணி தொடங்கிய 250 மெகாவாட் அலகுகள் இரண்டும் இவ்வினத்தைச் சேர்ந்தனவே.

இம்முறையால் விளையும் நன்மை யாது? நிலக்கரித் தூளை ஊதி எரிக்கும் உலைகளில் வெப்பம் 1,300 பாகையையும் கடக்கும். அவ்வெப்பம் மேன்மேலும் ஏற ஏற, காற்றிலுள்ள நைட்ரஜனும் பிராணவாயுவும் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகளாகின்றன. இவை வெயிலில் பிற வாயுக்களோடு சேர்ந்து ஓசோனைத் தோற்றுவித்துப் பயிரின் இலைகளைக் கருக்குவதோடு, மாந்தரின் மூச்சுக்கும் ஊறு செய்கின்றன. கொதிக்கும் மணலிலோ வெப்பம் 850 பாகையளவில் நிற்கும். ஆதலின் காற்றின் நைட்ரஜன் பெரும்பாலும் வாளாவிருக்கும்.

எனினும், இத்துடன் மகிழ்ந்து அமைவதற்கில்லை. நிலக்கரிக்குள்ளேயே சிறிதளவு நைட்ரஜன் பொதிந்துள்ளது. அது எரிகையில் ஆக்சைடாகிறது. அதில் ஒரு பகுதியைக் கனன்றுகொண்டிருக்கும் கரித்துண்டுகள் மீண்டும் நைட்ரஜனாக்கிவிடுகின்றன. கந்தகத்தைப் பிடித்துவைக்க இடும் சுண்ணாம்புக்கல்லோ, நைட்ரிக் ஆக்சைடைப் பெருக்கிவிடக் கூடும். வெப்பத்தைக் குறைத்தால் அவ்வாயு குறையும். ஆனால் நைட்ரஸ் ஆக்சைடு மிகும். அது உலகை வெப்பமாக்குவதில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு வலியது. காற்றில் ஒரு பகுதியை நிறுத்தி மேலே செலுத்துவது நல்வழிதான். அளவு மிஞ்சினாலோ கரி முழுதும் எரியாது. ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் விலகும் குறும்போர்வை போன்றது இவ்வுலை!

உலையைக் கட்டியபின் இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகச் சோதிப்பது பெருஞ்செலவாகும். எனவே அறிஞர்கள் முதலில் கணக்கால் ஓர் உலையை அமைக்கின்றனர். குமிழிகளையும் அவற்றைச் சூழ்ந்த மணலையும் தனித்தனிப் பகுதிகளாகக் கொண்டு, ஒவ்வொன்றிலும் எவ்வாயு எவ்வளவு பிறக்கிறது, எவ்வளவு அழிகிறது எனச் சமன்பாடுகளால் கணிக்கின்றனர். அவ்விடை புகைபோக்கியில் பொருத்திய கருவியின் அளவோடு ஒவ்வாதாயின், திருத்தப்பட வேண்டியது கணக்கேயன்றிக் கருவியின் எண் அன்று. 2017 முதல் நிறுவப்படும் அனல் மின்நிலையங்களின் புகையில், ஒரு கனமீட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் இவ்வாக்சைடுகள் இருத்தலாகாது என இந்திய அரசு 2015 டிசம்பரில் விதித்தது. அவ்வரம்புக்குள் நிற்குமாறு காற்றையும் சுண்ணாம்பையும் எவ்வளவு இடுவதென்பதை அக்கணக்கைக் கொண்டே பொறியாளர் தேர்கின்றனர்.