இல்லாத பாட்டைப் பாடிய இயந்திரம்

ஒரு பொருளுக்கு முதல் விளம்பரம் அதன் பெயர்தான். குழந்தைக்குப் பெயரிடும் தாய் குழந்தையின் முகத்தைப் பார்க்கிறாள். சரக்குக்குப் பெயரிடும் வணிகனோ வாங்குபவனின் முகத்தைப் பார்க்கிறான். இன்று ஊரெங்கும் ஒலிக்கும் 'செயற்கை நுண்ணறிவு' என்னும் பெயரின் பிறப்பை எண்ணும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது. 1955ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜான் மெக்கார்த்தி, மார்வின் மின்ஸ்கி, நதானியல் ரோசெஸ்டர், கிளாட் ஷானன் என்னும் அறிஞர் நால்வர், அடுத்த கோடையில் டார்ட்மத் கல்லூரியில் ஓர் ஆய்வுக்கூட்டம் நடத்த ராக்பெல்லர் அறக்கட்டளையிடம் பொருளுதவி வேண்டி விண்ணப்பம் ஒன்று எழுதினார்கள். அந்த விண்ணப்பத்தின் தலைப்பிலேயே இப்பெயர் இடம்பெற்றது. பெரும் அறிஞர்களின் நல்ல முயற்சிதான் அது; ஐயமில்லை. ஆயினும் அந்தப் பெயர் பணம் கேட்கும் தாளின் மேல் எழுதப்பட்ட பெயர் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் துணி துவைக்கும் இயந்திரங்களின் மேல் இப்போது 'ஏ.ஐ.' என்ற இரண்டு எழுத்துகள் மின்னுகின்றன. "இது என்ன செய்யும்?" என்று கடைப்பையனைக் கேட்டேன். "துணியின் எடையைப் பார்த்துத் தண்ணீர் எவ்வளவு வேண்டும் என்று அதுவே முடிவு செய்யும், அண்ணா" என்றான். நல்ல வேலைதான். ஆனால் 1990ஆம் ஆண்டிலேயே ஜப்பானில் இத்தகைய இயந்திரங்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. அப்போது அவற்றுக்கு 'ஃபஸி' என்று பெயர். அந்தச் சொல் அங்கே அவ்வாண்டின் புதுச்சொற்களுள் ஒன்றாகப் பரிசு பெறும் அளவுக்குப் புகழ் பெற்றது! துணி அதே துணி, அழுக்கும் அதே அழுக்கு, சட்டைதான் மாறியிருக்கிறது.

பெயரால் ஏமாறுவது நம் கடைத்தெருவோடு நிற்பதில்லை. 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு முதலீட்டு ஆலோசனை வழங்குவதாகப் பொய்யாகப் பறைசாற்றிய இரண்டு நிறுவனங்கள் மீது அமெரிக்கப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையம் நடவடிக்கை எடுத்தது. இரண்டும் சேர்ந்து 4 லட்சம் டாலர் அபராதம் செலுத்தின. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பும் வெள்ளை மனம் படித்த நாட்டிலும் உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இனி, மக்கள் மனத்தைப் பார்ப்போம். எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சிகள் இருக்கின்றன. "இனிமேல் எல்லா வேலையையும் கம்ப்யூட்டரே செய்துவிடும், நீ தமிழ் படித்து என்ன ஆகப்போகிறது?" என்பது என் தந்தையாரின் கவலை. என் அத்தையோ, மூன்றே மாதத்தில் 'ஏ.ஐ. நிபுணர்' ஆக்கி, வேலைக்கு 100 விழுக்காடு உறுதி என்று சுவரொட்டி ஒட்டிய ஒரு பயிற்சி நிலையத்தை நம்பி, கைவளையலை அடகு வைத்து மகனைச் சேர்த்தார். அவன் அங்கே கற்றது, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய ஒரு செயலியிடம் கேள்வி கேட்கும் முறையை மட்டுமே. வேலை வரவில்லை, வளையலுக்கு வட்டி மட்டும் மாதந்தோறும் தவறாமல் வருகிறது. அச்சம் ஒருவரை முடக்குகிறது. ஆசை மற்றவரைக் கடனாளி ஆக்குகிறது. இரண்டுக்கும் விதை போட்டது ஒரே விளம்பரம்தான்.

அச்சப்படுவோரை அறியாதவர் என்று எள்ளி நகையாடுவதும் முறையாகாது. 2023ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் நடத்திய கருத்துக் கணிப்பில், இந்தத் தொழில்நுட்பம் பெருகுவது தமக்கு மகிழ்ச்சியைவிடக் கவலையே தருகிறது என்றவர்கள் 52 விழுக்காட்டினர். கவலையைவிட மகிழ்ச்சியே மிகுதி என்றவர்கள் 10 விழுக்காட்டினர்தாம். அதை உருவாக்கி உலகுக்கு விற்கும் நாட்டிலேயே இந்த நிலை! நம் நாட்டிலும் 1960களில், ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் கல்கத்தா அலுவலகத்தில் கணிப்பொறி வருவதை எதிர்த்து ஊழியர்கள் போராடினார்கள். கணிப்பொறி பின்னர் வந்தே தீர்ந்தது. ஆனால் "இதனால் யாருக்கு ஆதாயம், யாருக்கு இழப்பு?" என்று அவர்கள் கேட்ட கேள்வி இன்றைக்கும் பழையதாகிவிடவில்லை.

வியப்பு என்னவென்றால், அச்சமும் ஒரு விளம்பரமாகக் கூடும். செயற்கை நுண்ணறிவால் மனித இனமே அழியும் ஆபத்து உண்டு என்று எச்சரிக்கும் அறிக்கை ஒன்று 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்தது. அதில் கையெழுத்திட்டவர்களுள், அதை உருவாக்கும் பெரிய நிறுவனங்களின் தலைவர்களும் இருந்தார்கள். அவர்களுள் உள்ளபடியே கவலை கொண்டவர்கள் இருக்கலாம். விற்பனைக்கு அப்பால் நிற்கும் அறிஞர்களும் அதில் கையெழுத்திட்டார்கள். எனினும், "எங்கள் சரக்கு உலகையே அழிக்க வல்லது" என்று வணிகன் சொல்லும்போது, "அப்படியானால் எவ்வளவு ஆற்றல் வாய்ந்த சரக்கு!" என்றுதானே வாங்குபவன் நினைப்பான்?

இயந்திரம் பேசினால் மயங்குவது மனித இயல்பு. 1966ஆம் ஆண்டில் ஜோசப் வைசன்பாம் என்ற பேராசிரியர் 'எலைசா' என்னும் நிரலைப் பற்றி எழுதினார். நாம் சொன்னதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்பதுதான் அது அறிந்த வித்தை. அது வளர்ந்ததை உடனிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனோடு தனியாகப் பேச வேண்டும் என்று அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம்! இன்றைய இயந்திரங்கள் எலைசாவினும் பன்மடங்கு வல்லவை. கோடிக்கணக்கான பக்கங்களைப் பயின்று, எச்சொல்லுக்குப் பின் எச்சொல் வரும் என்று கணித்து, பூத்தொடுப்பதுபோல் சொல்லைத் தொடுத்துத் தருகின்றன. மொழிபெயர்க்கின்றன, சுருக்கம் எழுதுகின்றன. பார்வையற்ற நம் தோழர்களுக்குப் படத்தில் உள்ளதை விளக்குகின்றன. இவற்றை மறுப்பது நன்றி மறத்தலாகும்.

ஆயினும், தொடுக்கத் தெரிந்ததற்கு நிறுத்தத் தெரிய வேண்டாமா? அத்தகைய செயலி ஒன்றிடம் நான், "புறநானூற்றின் 267ஆம் பாடலைத் தருக" என்று கேட்டேன். நொடிப்பொழுதில் பாடல் வந்தது! திணை, துறை, பாடிய புலவர் பெயர் எல்லாம் குறைவின்றி இருந்தன. தமிழிலக்கிய மாணவர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். 267, 268 ஆகிய இரு பாடல்களும் நமக்குக் கிடைக்கவே இல்லையே! "இது உண்மையா?" என்று மீண்டும் கேட்டேன். பணிவோடு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, இன்னொரு பாடலைத் தந்தது!

1894ஆம் ஆண்டில் புறநானூற்றை முதன்முதலாக அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் அவர்களை அப்போது எண்ணிப் பார்த்தேன். ஊர் ஊராக ஏடு தேடியவர், பழந்தமிழில் தோய்ந்தவர். இரண்டு பாடல்களை இட்டு நிரப்ப நினைத்திருந்தால் அவரால் இயலாதா? அவர் அதைச் செய்யவில்லை. இன்றும் நம் நூலகத்துப் பதிப்பைப் புரட்டினால் 266க்குப் பின் 269 வருகிறது. சிதைந்த அடிகள் இருந்த இடத்தில் புள்ளிகள் நிற்கின்றன. அந்த வெற்றிடமும் அந்தப் புள்ளிகளும் அறிவின் பகுதியே என்று நான் கருதுகிறேன். "இது எனக்குக் கிடைக்கவில்லை" என்று சொல்லும் துணிவு இருப்பதால்தான், அவர் கிடைத்தது என்று தந்தவற்றை நாம் நம்புகிறோம்.

எந்த விளம்பரமாவது, "எங்கள் இயந்திரத்துக்குத் தெரியாதவை இவை" என்று பட்டியல் இட்டு நான் பார்த்ததில்லை. அந்தப் பட்டியலைப் போட வேண்டியவர்கள் நாம்தாம். முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள் நம்மில் பலர். விலை கொடுத்து ஏமாறுவதற்கு நம் வீடுகளில் வேறு வளையல் இல்லை. ஆகவே தோழர்களே, இயந்திரத்தைக் கும்பிடவும் வேண்டாம். கண்டு ஓடவும் வேண்டாம். அது தரும் விடையைக் கையில் எடுத்துக்கொண்டு நூலகத்துப் படியேறுங்கள். அங்கே மூலநூல் இருக்கிறது. விளக்கிச் சொல்லப் பேராசிரியப் பெருமக்கள் இருக்கிறார்கள். சரிபார்க்கத் தெரிந்தவனுக்கு அந்த இயந்திரம் நல்ல வேலைக்காரன். சரிபார்க்காதவனிடமோ, அது 267ஆம் பாடலையும் விற்றுவிடும்.